குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகள்



பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலத்தை விளக்கப் புகும்போதெல்லாம் நாம் குடிப்பவரை நோக்கியே பேசிவருகிறோம். அவர் வீட்டுப் பிள்ளையை நோக்கிப் பேசுவார் இலர். ஆலையில் உழைத்த நாள்களில், தந்தையின் கூலி சாராயக் கடையில் கரையுமுன் வாங்கிச் செல்வதற்காகச் சம்பள தினத்தில் வாயிலருகே காத்து நின்ற சிறுவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

விஜயபுரத்திலும் அத்தகைய பிள்ளைகள் உளர். அவர்களைப் பார்த்து, "எல்லாம் உன் முன்வினை" என்று இரங்குவோரும் உளர். இரக்கத்தின் பெயரால் இழைக்கப்படும் கொடுமை இது. துன்பம் யாவும் முன்வினையாலேயே விளைகின்றது என்னும் கொள்கையைப் பகவான் மறுத்தமை சம்யுத்த நிகாயத்தில் உளது. சேதனையே கம்மம் என்பது அவர் போதனை. தந்தை ஏந்தும் கிண்ணத்தில் மகனுடைய சேதனை எங்கே உளது? ஆயினும், தான் நன்றாகப் படித்தால், சண்டையிடாதிருந்தால் அப்பா குடிக்கமாட்டார் என்று அக்குழந்தை எண்ணுகிறது. "இது உன் பிழையன்று" என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை.

1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் சாராயத்தை எதிர்த்தெழுந்தனர். 1993இல் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்ந்தது. சட்டம் மீண்டும் வருமளவும் குழந்தைப் பருவம் காத்திருக்குமோ?

ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையார் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, பூசல், பெற்றோரின் குடி முதலியவற்றிடையே வளர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் செம்மையாகத் தலையெடுத்தனர். அவர்களுக்கு வாய்த்தது யாது? பாட்டியோ ஆசிரியரோ அண்டைவீட்டாரோ, மாறாத அன்புடைய ஒருவர். பிறருக்குப் பயன்படும் சிறு பொறுப்பும் அவர்களுக்குத் துணைநின்றது. நமக்கு இதில் வியப்பில்லை. கலியாணமித்திரர் என்று தம்மம் கூறுவது இத்தகையோரையே.

ஆதலின் உபாசக உபாசிகையர்களே, அப்பிள்ளைக்கு இரவில் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அஃது உங்கள் கதவாக இருக்கட்டும். தந்தையை அதன் எதிரில் இழித்துரையாதீர்கள்; அதற்கு அவர்பால் அன்பு உண்டு. அவருக்காகப் பொய்யுரைக்கவும், மதுக்கடைக்குச் செல்லவும் அதனை ஏவ ஒருவரையும் விடாதீர்கள். அடி உதை நேரின் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

வரும் பௌர்ணமி முதல் விளக்கேற்றும் பணியையும், நூல்களை அடுக்கும் பணியையும் பிள்ளைகளிடமே ஒப்புவிக்க எண்ணியுள்ளோம். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். எவர் வீடு எத்தகையது என்று நாம் வினவமாட்டோம். பூசை முடிந்தபின் அவல் வழங்கப்படும்.