நடமாடும் கோயிலின் கணக்கு

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டப்புறங்களில் மாரியம்மன் திருவிழா முடிந்ததும், கோயில் முன்றிலில் ஜனங்கள் கூடியிருக்க, பொருளாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, எந்த வீட்டார் எவ்வளவு வெள்ளி கொடுத்தார்கள், பூவுக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவு என்று கடைசிக் காசு வரையில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்துக் கை காய்த்துப் போன ஒரு மூதாட்டி எழுந்து, "அரிசிக் கணக்கை இன்னொரு வாட்டி வாசிங்க, தம்பி" என்று சொன்னால், பொருளாளர் முகம் சுளிக்காமல் மறுபடியும் வாசிக்கிறார். சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழி அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அது எல்லோருடைய அந்தராத்மாவிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது.

கோயில் உண்டியலின் முன்னே இத்தனை அச்சத்தோடு நிற்கிற மனிதன், அமைச்சகத்தின் படியேறியதும் அந்த அச்சத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி விடுகிறானே, அது ஏன்? பாவ பயம் கோயில் மதிலோடு நின்றுவிடுகிற பொருளா? அம்மலையிலுள்ள லெம்பா பெர்த்தாமின் சமீப காலச் சரித்திரத்தை நினைக்கும் போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது.

பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் பெய்த மழையைச் சுமந்து இறங்கும் பெர்த்தாம் ஆறு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே திருப்பிவிடப்பட்ட தெலோம் ஆற்று நீரோடு ரிங்லட் ஏரியில் சேர்ந்து, மின்சாரத்துக்காக 1960களில் எழுந்த சுல்தான் அபு பக்கார் அணையால் தடுக்கப்படுகிறது. அந்த அணைக்குக் கீழே இருப்பதுதான் லெம்பா பெர்த்தாம். மேட்டில் காட்டை அழித்துச் சரிவுகளைத் திறந்து போட்டால், மழை அந்த மண்ணைக் கரைத்து ஏரியின் வயிற்றில் கொண்டுபோய் நிரப்பும். வயிறு நிறைந்த ஏரி பெருமழையைத் தாங்காது. 2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சேறும் சகதியுமாக, உறங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் புகுந்தது, உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் இம்மலை சேற்று வெள்ளத்தையும் மரணத்தையும் கண்டது. சட்ட விரோதமாகக் காடு அழிக்கப்பட்டதென்றும், ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்ட தற்காலிக நில உரிமங்களின் பின்னே கையூட்டு நடமாடுகிறதென்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிலம் மாநிலத்தின் அதிகாரம், சுற்றுச்சூழல் மத்திய அரசின் இலாகா, அணையோ மின்சார வாரியத்தின் உடைமை. பொறுப்பு இப்படிப் பலர் கையில் பங்கிடப்பட்டிருந்தபடியால், பழி ஒருவர் தலையிலும் தங்காமல் நழுவிக்கொண்டே போயிற்று.

அந்நாளில் கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 2013 மே மாதத் தேர்தலில் 462 வாக்கு வித்தியாசத்தில் வென்ற மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தேசியத் தலைவர் ஜி. பழனிவேல்; இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரும் அவரே. காட்டுக்கும் ஆற்றுக்கும் உரிய இலாகா, அவற்றால் வாழ்ந்து அவற்றாலேயே தத்தளித்த தொகுதியின் பிரதிநிதியிடம் இருந்தது என்பது எளிதில் வாய்க்காத சந்தர்ப்பம். ஆனால் வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே நடந்த கட்சித் தேர்தலில் முறைகேடு என்ற புகார் எழுந்தது. 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. தலைவர் ஒரு பக்கமும் துணைத் தலைவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் மறுபக்கமுமாகக் கட்சி பிளந்து, வழக்கு நியாயஸ்தலம் ஏறி, 2015 ஜூனில் பழனிவேல் உறுப்பினர் தகுதியை இழந்தார் என்று எதிரணி அறிவிக்க, ஜூலை மாத அமைச்சரவை மாற்றத்தில் அவருடைய பதவியும் போயிற்று. பழனிவேலும் சுப்பிரமணியமும் அதுவரை ஒரே அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர்கள்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. உட்பகைக்கென்றே வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். வெளிப்பகைவன் மதிலை இடிப்பான், உட்பகையோ காவற்காரனின் கண்களைத் திருப்பிவிடும். ஒரு காசையும் தொடாதவர்களிடத்தில்கூட, பதவிச் சண்டை ஒரு களவைச் செய்துவிடுகிறது: ஜனங்களுக்கு உரிய காலத்தையும் கவனத்தையும் அது களவாடுகிறது. இதைவிடச் சூட்சுமமான தீங்கு ஒன்றும் உண்டு. ஊழல் என்ற சொல், நீதியைத் தேடும் விளக்காக இல்லாமல், எதிரியை வீழ்த்தும் அம்பாகக் கையாளப்படுமானால், மெய்யான குற்றச்சாட்டும் பொய்யான குற்றச்சாட்டும் ஒரே ஓசையாகிவிடுகின்றன. ஜனங்கள் இரண்டையும் நம்பாமல் காதைப் பொத்திக்கொள்ளும் அந்த மௌனத்தில்தான் உண்மையான திருடன் நிம்மதியாக உறங்குகிறான்.

இதே தொகுதியில் 2018 பொதுத்தேர்தலின் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ரத்து செய்தது. பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதே காரணம். 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமது நோர், மலேசிய மக்களவைக்குத் தேர்வு பெற்ற முதல் ஒராங் அஸ்லி ஆனார். எந்த மக்களின் வாக்குக்கு விலை பேசப்பட்டதோ, அந்த மக்களிலிருந்தே ஒருவர் அந்த ஆசனத்துக்குச் சென்றதில், தர்மம் தன் வழியைத் தானே தேடிக்கொண்டதன் சாயலைக் காண்கிறேன்.

அந்த வெள்ளங்களின் சேறு வந்து போனபின் பலர் பெருமூச்சோடு, "எல்லாம் விதி" என்றார்கள். இழந்தவர் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லுக்கு நான் தலைவணங்குகிறேன். துக்கத்தைச் சுமந்து மறுநாள் வேலைக்குப் போக அவர்களுக்கு ஒரு ஊன்றுகோல் வேண்டும். ஆனால் அதிகாரத்தில் இருப்பவன் அதே சொல்லைச் சொல்ல உரிமையற்றவன். மழை தெய்வத்தின் செயலாக இருக்கலாம். சரிவில் மரத்தை வெட்டியதும், வெட்டக் கண்டும் கோப்பை மூடிவைத்ததும் மனிதனின் செயல். தன் வினையைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுகிறவன் இரண்டு திருட்டுச் செய்கிறான்: ஒன்று மனிதரிடம், மற்றொன்று தெய்வத்தின் நற்பெயரிடம்.

உண்டியலுக்கு அஞ்சுகிறவன் அமைச்சகத்தில் அஞ்சாதது ஏன் என்ற என் கேள்விக்கு விடையைத் திருமூலரிடத்தில் கண்டேன். படமாக எழுந்தருளிய இறைவனுக்குக் கொடுத்தது, நடமாடும் கோயிலாகிய மனிதரைச் சேருவதில்லை. அந்த நடமாடும் கோயிலுக்குக் கொடுத்ததோ இறைவனையும் சேருகிறது என்பது அவருடைய உபதேசம். இதை நாம் ஈகைக்கு மட்டுமே பொருத்திப் பார்த்துவிட்டோம். கொடுப்பதற்குச் செல்லுகிற வழி பறிப்பதற்கும் செல்லும் அல்லவா? மனிதருக்கு இட்ட பிடி சோறு ஈசனின் வாயை அடையுமானால், மனிதரிடமிருந்து திருடிய காசும் ஈசனின் உண்டியலிலிருந்து எடுத்ததே ஆகும். அப்படியானால் அணைக்குக் கீழே உறங்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சந்நிதி. அமைச்சகத்தின் ஒவ்வொரு கோப்பும் தேவஸ்தானக் கணக்கு. உண்டியலுக்கு அஞ்சியவன் கருவூலத்துக்கு அஞ்சாதது, தெய்வத்தை அவன் கல்லில் மட்டும் கண்டதால் வந்த பிழை.

அச்சம் மட்டும் போதாது என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரையும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் உறுப்பினரைச் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் இடலாகாது என்று விதித்தன. பக்தியில் குறைவில்லாத அந்த ஊரார், மேலே சித்திரகுப்தன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சும்மா இருக்கவில்லை. அந்த விதியைக் கோயில் மண்டபத்தின் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

ஆகையால் தோட்டத்துக் கோயில் முன்றிலில் எழுந்து நின்று அரிசிக் கணக்கை மறுபடி வாசிக்கச் சொன்ன அந்த மூதாட்டியையே நான் இவ்விஷயத்தில் குருவாகக் கொள்கிறேன். அவர் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. எந்தக் கட்சியின் பக்கமும் நிற்கவில்லை. தம் உழைப்பிலிருந்து கொடுத்த சில வெள்ளிகளுக்கு அம்மனின் முன்னே விடை கேட்டார், அவ்வளவே. அவர் கொழுந்து பறிக்கும் சரிவுக்கும் அணைக்கும் காட்டுக்கும் உரிய கணக்கை அதே குரலில், அதே உரிமையோடு அவர் கேட்கவும், கேட்கப்பட்டவர் முகம் சுளிக்காமல் இன்னொரு வாட்டி வாசிக்கவும் கூடுமானால், அன்றைக்கு அந்த முன்றில் அமைச்சகங்கள் இருக்கும் புத்ராஜெயா வரையில் நீண்டுவிட்டது என்று நான் சொல்லுவேன்.