கதை முடிந்த பிறகு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கதை கேட்க ஆள் இருந்திருக்கிறது. கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் நம் கைக்கு வரவில்லை.

நாவல் வாசகர்கள் பேசியதோ நம் கைக்கு வந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் குந்தவைக்கு என்ன ஆயிற்று, வானதிக்கு என்ன ஆயிற்று என்று கேள்விகள் எழுந்தன. கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதினார். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். இதைவிடப் பெரிய விமர்சனம் உண்டா!

கோபத்துக்கும் பலன் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அழுக்குப் போயிற்று என்று தாய் அவளை ஏற்றுக்கொள்கிறாள். வாசகர் பலர் கொதித்தார்கள். தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அண்மையில் ஒரு நாவலை முடித்தவர்கள், சூடு ஆறுவதற்குள் பிடித்ததையும் பிடிக்காததையும் நாலு வரி எழுதி, தேதி போட்டு அந்தப் புத்தகத்திலேயே வையுங்கள். முடிந்தால் எழுதியவருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.