இன்பப் பயணமும் அறப்பயணமும்

பயணம் என்பது உடல் இடம் பெயர்வது மட்டுந்தானா? உள்ளமும் சிறிது பெயர்ந்தாலன்றோ அது பயணமாகும்? மும்பைவாழ் தமிழராகிய நாம் இவ்வினாவை எழுப்பிப் பார்க்க ஏற்றதோர் ஊர் நகரின் வடக்கே அண்மையிலேயே உள்ளது. அதுவே பண்டைய சோபாரா, இன்றைய நாலாசோபாரா.

நம் முசிறியையும் தொண்டியையும் பேசும் 'பெரிப்ளூஸ்' என்னும் பழைய கிரேக்க நூல், இத்துறைமுகத்தையும் 'சுப்பாரா' எனக் குறிக்கின்றது. 1882இல் பகவான்லால் இந்திராஜி இங்கே பௌத்தத் தூபி ஒன்றை அகழ்ந்து கண்டார். அசோகரின் எட்டாம் பாறைக் கல்வெட்டின் துண்டொன்றும் அவ்வாண்டே இவ்வூரில் கிடைத்தது. அதன் முழுவாசகத்தைக் கிர்னார் முதலிய இடங்களிலுள்ள படிகளால் அறிகிறோம்.

அக்கல்வெட்டு பேசுவதே பயணத்தைப் பற்றித்தான். முற்கால மன்னர் வேட்டை முதலிய களியாட்டங்களுக்காக 'விகார யாத்திரை' சென்றனர். அசோகரோ, முடிசூடிய பத்தாம் ஆண்டில் போதிமரத்தை நாடிச் சென்றதுமுதல் 'தர்ம யாத்திரை' மேற்கொண்டார். துறவியரையும் முதியோரையும் காண்பதும், கொடை வழங்குவதும், நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசுவதும் அதன் செயல்கள். அதிலேதான் தமக்குப் பேரின்பம் என்கிறார் அவர். இன்பத்தை அவர் துறக்கவில்லை. அதன் இடத்தையே மாற்றினார்.

இன்று நாம் அவ்வூருக்குக் காரில் செல்கிறோம். தூபியை அரைமணி நேரத்தில் சுற்றிப் படமெடுத்துத் திரும்பிவிடலாம். ஆனால் அதனைச் சூழ நெருங்கி வாழ்வோருள் நம்மைப் போலவே பிழைப்பு நாடிப் பல மாநிலங்களிலிருந்து வந்தோர் எண்ணற்றோர். வழியோரம் வாழைப்பழம் விற்கும் மூதாட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணாடியை இறக்காமல் கடந்துபோனால் நாம் கண்டது ஊரையா, கல்லையா?

"மன்னரிடம் பொன்னும் பொழுதும் இருந்தன, நம்மிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே உண்டு" எனச் சிலர் கூறலாம். உண்மைதான். எனினும் நலம் வினவப் பொன் வேண்டா. நமது அரைகுறை மராத்தியே போதும்.

தென்னாட்டார் அனைவரையும் 'மதராசி' என ஒரே சொல்லில் அடக்குகின்றனரே என்று நாம் வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. பிறர் நம்மை அறியவேண்டுமென விரும்பும் உரிமையோடு, நாம் பிறரை அறியவேண்டிய கடமையும் பிறக்கின்றது. அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகளைத் துறைமுக ஊர்களுக்கு அழைத்துச் செல்வோம். திரும்பியபின், "என்ன பார்த்தீர்கள்?" என்பதோடு, "யாரிடம் பேசினீர்கள்?" என்றும் அவர்களைக் கேட்போமாக.