அறிக்கையில் வராத கொடை

குழந்தைகள் இல்லத்துக்கு ஆண்டறிக்கை எழுதுவது எளிது. இத்தனை பேர் பத்தாம் வகுப்பு தேறினார்கள், ஒருத்தி நர்சிங் சேர்ந்தாள், ஒரு பையன் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கினான் என்று நன்கொடை தந்தவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். முதியோர் இல்லத்தில் அப்படி எழுத ஒன்றும் கிடைக்காது. போன வருஷம் இருந்தவர்களில் சிலர் இந்த வருஷம் இல்லை என்பது மட்டுமே அங்கே உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டிக்கு முதுகில் புண் வராமல் ஆறு மாதம் பார்த்துக்கொண்டது பெரிய சாதனைதான். ஆனால் அதை வண்ணப்படமாக அச்சிட்டு யாருக்கும் அனுப்ப முடியாது.

பலனை எதிர்பாராமல் கொடு என்று எல்லா மதங்களும் சொல்கின்றன. அதை அப்படியே செய்து பார்க்க முதுமையைப் போல வசதியான இடம் வேறில்லை. கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூட அங்கே பலருக்கு நினைவு இருக்காது. ஆகவே அந்த இடத்தில் நெரிசலும் இல்லை. வந்து நின்றவர்களின் கதையைப் புரட்டினால் திரும்பத் திரும்பப் பெண்களே தென்படுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால், கொடுப்பதற்கும் கொடுத்தவர் என்று பெயர் பெறுவதற்கும் உள்ள தூரம் விளங்கும்.

பிரான்சின் வடமேற்கில், பிரிட்டனிக் கடற்கரையில் பிறந்தவர் ழான் ழுகான். மீனவரான தந்தையைச் சிறுவயதிலேயே கடல் கொண்டுபோனது. பதின்ம வயதில் ஒரு பெரிய வீட்டின் அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மருத்துவமனையில், பிறகு வீட்டுவேலை, துணி துவைத்தல் என்று காலம் ஓடியது. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், 47 வயதில், சான் செர்வான் என்ற ஊரில், கண்பார்வை இழந்து பக்கவாதத்தில் விழுந்திருந்த ஒரு மூதாட்டியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்தார். தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பரணில் படுத்துக்கொண்டார்.

ஒருவர் வந்த இடத்துக்கு இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களில் பலர் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். ழுகான் அவர்களை உட்காரவைத்து, எந்தெந்த வீடுகளில் வழக்கமாகப் போடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தானே அந்த வாசல்களில் போய் நின்றார். ரொட்டித் துண்டு, மிஞ்சிய சாப்பாடு, பழந்துணி, சில்லறை என்று எது கிடைத்தாலும் கூடைக்குள் போனது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பழைய மடத்துக் கட்டடத்தையே வாங்கும் அளவுக்கு வேலை வளர்ந்தது. ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்று இன்று அறியப்படும் துறவு சபை உருவானது இப்படித்தான்.

வேலை வளர்ந்தால் அதை நிர்வகிக்க ஒருவர் வருவார் அல்லவா? வந்தார். 1843 டிசம்பரில் சகோதரிகள் ழுகானையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாட்களில், சபைக்கு வழிகாட்டியாக இருந்த லெ பாய்யர் என்ற பாதிரியார் அந்தத் தேர்தலை ரத்து செய்து, 23 வயதுச் சகோதரி ஒருவரைத் தலைவியாக்கினார். ழுகான் கூடையோடு தெருவுக்குத் திரும்பினார். 1845-இல் பிரெஞ்சு அகாதெமி அவருடைய அறச்செயலுக்காக 3,000 பிராங்க் பரிசளித்தது. நாடு அறிந்த அந்தப் பெயருக்குத் தன் சபையில் பதவி இல்லை. 1852-இல் அவரைத் தலைமை மடத்துக்கு வரவழைத்து, வெளியுலகத் தொடர்புகளை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 27 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. புதிதாகச் சேர்ந்த இளம்பெண்களுக்கு, நிறுவனர் பாதிரியார்தான் என்று சொல்லப்பட்டது. தங்களோடு உட்கார்ந்திருந்த கிழவி யாரென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 1879-இல் அவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தார்கள்.

1890-இல் ரோம் அந்தப் பாதிரியாரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. 2009-இல் ழுகான் புனிதராக அறிவிக்கப்பட்டார். நியாயம் வந்து சேர்ந்துவிட்டது. நூற்று முப்பது ஆண்டுகள் தாமதம் என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

ஒதுக்கிவைத்த அவரை ஒரே ஒரு முறை ஆலோசனைக்கு அழைத்தார்கள். 1865-இல், நிலையான ஆண்டு வருமானம் தரும் சொத்தை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்றார். இறைவனின் பராமரிப்பில் வைத்த நம்பிக்கை என்பது சபை தரும் விளக்கம். எனக்கு அதில் ஓர் உலகியல் கணக்கும் தெரிகிறது. வட்டியில் நடக்கும் இல்லத்துக்காக யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. வாசலில் யாரும் வந்து நிற்காத ஊர் தன் கிழவிகளை நிம்மதியாக மறந்துவிடும். சபை அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. 1882-இல் கல்கத்தாவுக்கு வந்த சகோதரிகள் இந்தியாவிலும் கேட்டுப் பெற்றே இல்லம் நடத்தினார்கள். சென்னை சேத்துப்பட்டிலும் அவர்களுடைய இல்லம் ஒன்று உண்டு.

கேட்டுப் பெறுவதும் கிள்ளிக் கொடுப்பதும் நம் பெண்களுக்குப் புதிதல்ல. உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் கோயிலுக்கும் இருந்தது, தேவாலயத்துக்கும் இருந்தது. சம்பளக் கவர் கையில் வராத பெண்ணிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்தப் பிடி அரிசியும் சிறுவாட்டுப் பணமும்தான். சென்னையில் சாவித்திரி வைத்தி, ‘மண்டே சாரிட்டி கிளப்’ என்ற பெயரில் கூடிய இல்லத்தரசிகளோடு சேர்ந்து, ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 1978-இல் ‘விஷ்ராந்தி’யைத் தொடங்கியதும் இந்த வழியில் வந்ததுதான்.

இன்றைய முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், திருமண நாள், திதி என்று முன்பதிவு இருக்கிறது. வாசல் கரும்பலகையில் உபயதாரர் பெயர், இலையில் வடை, பாயசம். சாப்பிட உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பாயசத்துக்கு ஆள் இருக்கிறது, டயப்பருக்கு இல்லை. தன் மகனின் பிறந்தநாளை முன்னிட்டு இன்றைய டயப்பர் உபயம் என்று பலகையில் எழுதிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அந்த இடத்தில்தான், துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட நூல் புடவைகளை மடித்துப் பையில் கொண்டுவந்து, ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போகும் பெண் உதவுகிறாள். படுக்கையில் விரிக்க, துடைக்க, கிழித்து மடித்து வைக்க அது ஆகும். எது தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியும். மாமியாருக்கோ அம்மாவுக்கோ செய்து பழகியவள். அவள் பெயர் பலகையில் ஏறாது. ரசீதும் கிடையாது, பழம்புடவைக்கு வருமான வரிவிலக்கு இல்லை.

இதைத் தாய்மை என்று சொல்லிக் கைகூப்பிவிடலாம். செலவில்லாத மரியாதை அது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 பேருக்குக் குறையாத இடவசதியோடு, படிப்படியாக அமைக்கலாம் என்று மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசுகளுக்குச் சொன்னது. கட்டாயம் என்று அது சொல்லவில்லை. சட்டம் விட்டுவைத்த அந்த ‘லாம்’முக்குள் பெண்களின் கருணை வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கணவனுக்குப் பின்னும் வாழ்பவள் பெரும்பாலும் மனைவி. வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் பல நேரம் இருப்பதில்லை. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. அண்ணன் தம்பி மனம் நோகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கையெழுத்தையும் பெருந்தன்மை என்றே சொல்கிறோம். கொடுக்கத் தெரிந்தவளுக்குத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும், வைத்துக்கொள்ள நாம் விடவும் வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய தர்ம குணத்தை மெச்சிய பிள்ளைகளே ஒருநாள், அவள் புடவை கொடுத்துவிட்டு வந்த அதே இல்லத்தில், மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள்.