மழைக்காலத்து விருந்தினர்

தாய்லாந்தின் புக்கெட் தீவில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கலக்கி, தீவின் மேற்குக் கரைகளில் மோதவைக்கும். விடுதி வாடகை இறங்கிவிடும். சுற்றுலா வணிகர்கள் இதற்குப் ‘பசுமைப் பருவம்’ என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நடுத்தர வருமானமுள்ள எங்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் அங்கே செல்ல வாடகைக் குறைவே போதுமான காரணமாக இருந்தது.

கரோன் கடற்கரை நெடுகிலும் செங்கொடிகள். அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அவ்வழியில் அலைகள் அதிகம் உடைவதில்லை. ஆகவே, பார்ப்பவருக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். ஆளை இழுத்துச் செல்வதும் அதுவே. கொடியைக் கண்ட பின்னும் நீரில் இறங்குவோர் உண்டு. என் உயிர், என் விருப்பம் என்பது அவர்கள் வாதம். ஆனால், மூழ்குபவனைக் கண்டு வாளாவிருக்க முடியாத உயிர்காப்பாளர் ஒருவர் கரையில் நிற்கிறாரே! அவருடைய உயிரையும் சேர்த்தல்லவா இவர்கள் பணயம் வைக்கிறார்கள்? இதை என் மனைவிக்கு விரிவாக விளக்கிவிட்டு, நல்லவன் என்ற நிறைவோடு விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் தீவின் தென்கோடியிலுள்ள ராவாய் கரைக்குச் சென்றோம். நீண்ட தண்டின் நுனியில் சுழலி பொருத்திய மரப்படகுகள் ஆளின்றி ஆடிக்கொண்டிருந்தன. எதிரே தெரியும் கோ ஹே தீவுக்குச் செல்ல எனக்கு ஆசை. 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில், ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு அத்தீவின் அருகே மூழ்கி 47 சீனப் பயணிகள் மாண்டார்கள். அதை அறிந்தேதான் ஆசைப்பட்டேன்.

படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும். கடலைக் காட்டி, இன்று வேண்டாம் என்று கையசைத்தார். நான் கூடுதலாக ஒரு தாளை எடுத்து நீட்டினேன். அவர் கடலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சும்மா கிடந்த படகுகளைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

அந்தச் சம்மதம் என்னைத் துணுக்குறச் செய்தது. கடல் மாறவில்லையே, பின் எது மாறியது? டிசம்பரில் அவர் ஒருவரை மறுத்தால், பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஆகஸ்டில் நான் ஒருவன்தான். அதே தாள் மழைக்காலத்தில் பல மடங்கு கனக்கிறது. கடலறிந்த ஒருவருடைய ‘வேண்டாம்’ என்னும் சொல்லை அதைக் கொண்டு விலைக்கு வாங்கிவிட்டேன். வற்புறுத்தவில்லை, அவரே இசைந்தார் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

அப்படியானால் மழைக்காலத்தில் அங்கே செல்வதே தவறா? அப்படி நான் கருதவில்லை. அத்தீவின் மக்களுக்கு அம்மாதங்களிலும் பசிக்கிறது. சாலையோரம் சோறு விற்கும் பெண்ணுக்கு நம் வருகை உதவியே. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசே மூடிவிடுகிறது. பி பி லே தீவின் மாயா விரிகுடாவை 2022 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பரில் மூடுகிறார்கள். பவளமும் கடலுயிர்களும் ஓய்வு பெறுவதோடு இதில் இன்னொரு கருணையும் இருக்கிறது. அங்கே எந்த ஏழைப் படகோட்டியும் பயணியின் பணத்தின்முன் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியதில்லை. ராவாயிலோ அன்று சட்டம் குறுக்கே நிற்கவில்லை. நான்தான் நின்றாக வேண்டும்.

போக வேண்டாம் என்று சைகை செய்தேன். அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன், ஏமாற்றம்தான் தெரிந்தது. பாதிப் பணத்தையாவது வைத்துக்கொள்ளும்படி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டிவிட்டு, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.