கூட்டுப் பயணமும் மௌன சம்மதமும்

நண்பர் பலர் கூடி உல்லாசப் பயணம் போவதை அறவியல் நோக்கில் ஆராய்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நீதி, கடமை, சுதந்திரம் முதலிய பெருஞ்சொற்கள் அரசுகளுக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியன; மூன்று நாள் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போய்வர அவை எதற்கு என்று வினவுதல் இயல்பே. ஆயினும், சட்டத்தின் வற்புறுத்தலோ சம்பளத்தின் கட்டாயமோ இன்றி, உடனிருத்தல் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு மனிதர் ஒன்றுகூடும் சந்தர்ப்பங்கள் வாழ்வில் மிகச் சிலவாகும். அத்தகைய சிறிய கூட்டத்திலேதான் ஒருவரது விருப்பம் இன்னொருவரது விருப்பத்தை ஓசையின்றி விழுங்கிவிடும் விதத்தைத் தெளிவாகக் காணமுடியும். திரும்பி வந்தபின் "எவ்விதச் சச்சரவுமின்றி இனிதே முடிந்தது" என்று மகிழ்ந்து கூறுகின்றனரே, அவ்வினிமை எதனால் ஆயது என்பதே இங்கு எழும் வினா.

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி பல்கலைக்கழக மாணவர் பலர் அறிந்த ஒன்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதை நாவலப்பிட்டி, ஹற்றன் வழியாக நானுஓயாவை அடைவது. புசல்லாவையை அது தொடுவதில்லை. எனவே இவ்வழியை விரும்புவோர் பஸ்ஸையோ வாடகை வான் வண்டியையோ நம்பவேண்டியவராவர். ஒரே வகுப்பைச் சேர்ந்த பதினொரு மாணவர் இவ்வாறு ஒரு பயணத்தைத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்க. வான் வண்டிக்கு 22,000 ரூபாய். தலைக்கு 2,000 ரூபாய். அவர்களுள் ஒருவர் புசல்லாவையில் ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது என்பதை மனங்கொண்டால், வான் வண்டிப் பங்கு மாத்திரமே அவருடைய தாயின் ஒரு நாள் உழைப்பினும் மிகுதி என்பது விளங்கும். உணவு, தங்குமிடம் என்பன வேறு.

அவர் விலகிக்கொள்ளலாமே எனின், அங்கேதான் சிக்கல் உளது. அவர் விலகினால் எஞ்சிய பதின்மரும் தலைக்கு 2,200 ரூபாய் செலுத்தவேண்டும். அவரது மறுப்பு ஏனைய பதின்மர் மீதும் ஏற்றப்படும் ஒரு சிறு தண்டமாகிவிடுகின்றது. பஸ் பயணத்தில் இந்நிலை இல்லை. அவரவர் சீட்டு அவரவர்க்கு. வராதவரால் எவர்க்கும் நட்டமில்லை. வாகனத்தைத் தெரிவுசெய்வது வசதி பற்றிய பிரச்சினை என்றே கருதப்படுகிறது. ஆனால், ஒருவர் "வேண்டாம்" என்று சொல்வதற்கு எவ்வளவு விலை கொடுக்கவேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகின்றது. விலை கூடிய இடத்தில் "சரி" என்ற சொல் எளிதில் வரும். அச்சொல்லைச் சம்மதம் என்று குறித்துக்கொள்வது கணக்கெழுதுவோருக்கு வசதியானது; உண்மையாகாது.

வறுமை இல்லாதவிடத்தும் மௌனம் இவ்வாறே ஏமாற்றவல்லது. அமெரிக்கப் பேராசிரியர் ஜெறி ஹாவி 1974 இல் எழுதிய கட்டுரையொன்றிலே தம் குடும்ப அனுபவம் ஒன்றைக் கூறுகின்றார். ரெக்சாஸ் மாநிலத்தின் கோல்மன் என்னுஞ் சிற்றூரிலே, யூலை மாதக் கொடிய வெயிலில், வீட்டில் அமைதியாக இருந்த நால்வர் 53 மைல் தூரத்திலுள்ள அபிலீன் நகருக்கு உணவருந்தச் சென்றனர். குளிர்சாதனமற்ற கார்; புழுதி; சுவையற்ற உணவு. திரும்பி வந்தபின்னரே நால்வரில் ஒருவரேனும் போக விரும்பியிருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. முதலில் யோசனை சொன்ன மாமனாருங்கூட, மற்றவர் சலிப்புற்றிருப்பர் என்றெண்ணியே அதனைச் சொன்னாராம். ஒவ்வொருவரும் பிறர் மகிழ்ச்சிக்காகத் தம் விருப்பத்தை மறைத்தனர்; விளைவாக எவருக்கும் மகிழ்ச்சியில்லை. கருத்து வேறுபாட்டைக் கையாளத் தெரியாமையிலும் கருத்தொற்றுமையைக் கையாளத் தெரியாமையே கூட்டங்களைக் கெடுக்கிறது என்பது ஹாவியின் வாதம். இதனைக் கேட்டுச் சிரியாதவர் இல்லை. ஆனால் அந்நால்வரும் வீடு திரும்பியதும் உண்மையைக் கொட்டிவிட்டனர். அவ்வளவுக்கு அவர்கள் சமமானவர்கள். புசல்லாவை மாணவர் திரும்பி வந்தபின்னும் சொல்லமாட்டார். இவ்வேறுபாட்டை ஹாவியின் கதை தொடவில்லை.

அவ்வாறாயின் வாக்கெடுப்பு நடத்தலாமே என்பர் ஜனநாயகப் பற்றுடையோர். பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785 இலேயே இதிலுள்ள இடரைக் காட்டிவிட்டார். மூவருள் முதலாமவர் நுவரெலியா, சிவனொளிபாதம், திருகோணமலை என்ற வரிசையில் விரும்புகின்றார். இரண்டாமவரின் வரிசை சிவனொளிபாதம், திருகோணமலை, நுவரெலியா. மூன்றாமவரது திருகோணமலை, நுவரெலியா, சிவனொளிபாதம். நுவரெலியாவையும் சிவனொளிபாதத்தையும் எதிரெதிர் நிறுத்தினால் நுவரெலியா வெல்லும். சிவனொளிபாதம் திருகோணமலையை வெல்லும். ஆனால் திருகோணமலையோ நுவரெலியாவை வென்றுவிடும். எந்த இணையை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிப்பவரே போகுமிடத்தையும் தீர்மானித்தவராகின்றார். கூட்டத்தில் குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நண்பரின் அதிகாரம் எத்தகையது என்பதை அவரே அறியார். மேலும், வாக்கு விருப்பத்தை எண்ணுமேயன்றி அதன் அழுத்தத்தை அளப்பதில்லை. பத்துப்பேரின் "பரவாயில்லை" ஒருவரின் "இயலாது" என்பதை மிக எளிதாகத் தோற்கடித்துவிடும்.

பழைய யாத்திரைக் கூட்டங்கள் இச்சங்கடத்தை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டன. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர் குழுவிலே, முன்பு பலமுறை மலையேறிய ஒருவர் தலைவராக அமைவார். "நடே குரா" என்று அவரை அழைப்பர். அவர் சொற்படியே குழு புறப்படும், இளைப்பாறும், உண்ணும். அத்தலைமை அவரது சொந்த விருப்பத்துக்கு இடமளிப்பதன்று. போகுமிடமும் வழியும் மரபினால் முன்னரே முடிவானவை. அவருக்கு எஞ்சியிருப்பது பின்தங்குவோரையும் முதியோரையும் கவனிக்கும் பொறுப்பே. விடுமுறைப் பயணத்துக்கு அத்தகைய மரபு இல்லை. எங்கே போவதென்பதே அங்கு முதற் கேள்வி. ஆகையால், யாத்திரைத் தலைவரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அவரது பொறுப்பை விட்டுவிடும் நண்பர்கள் எல்லாக் கூட்டங்களிலும் தோன்றிவிடுகின்றனர். (அவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், உழைப்பவர்கள், அவர்கள் இல்லையேல் பயணமே நடவாது என்பதையும் சொல்லவேண்டும்.)

நட்புக்கு வாக்கெடுப்பும் தலைமையும் எதற்கு, உண்மை நண்பர் கேட்டறிய வேண்டியவரா என்ற தடை இவ்விடத்து எழலாம். இது இலேசாகத் தள்ளத்தக்கதன்று. திருவள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை அமைத்துள்ளார். அவற்றுள் பழைமை என்னும் 81ஆம் அதிகாரம், நெடுநாள் நண்பர் உரிமையால் கேளாமலே ஒன்றைச் செய்துவிடின் அதனை விரும்பி ஏற்பதே சான்றோர் இயல்பு என்ற கருத்தை வற்புறுத்துவது. அனுமதி கேட்டுக் கேட்டு நடத்தப்படும் உறவு நட்பாகாது, உடன்படிக்கையாகும் என்பதை எவரும் உணர்வர். ஆனால் உரிமை என்பது இருபுறமும் ஓடவேண்டியது. வசதி படைத்த நண்பர் கேளாமலே பெயரைப் பட்டியலிற் சேர்க்கும் உரிமையுடையவராயின், வசதியற்றவர் கேளாமலே அப்பெயரை வெட்டிவிடும் உரிமையும் உடையவராதல் வேண்டும். அவ்வாறு வெட்டியபின் மறுநாள் விரிவுரை மண்டபத்தில் எவரும் முகஞ்சுளியாதிருப்பின் அங்கே பழைமை உண்டு. ஒருவர்க்கு உரிமையாகவும் மற்றவர்க்குக் கடனாகவும் இருப்பதைப் பழைமை என்ற பெயரால் மூடிவிடல் தகாது.

இனிப் பணம் பற்றி நோக்குவோமாயின், அதுவே இவ்விடயத்தின் முள். "அவருடைய பங்கை மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள்" என்ற பெருந்தன்மையான வார்த்தை பல கூட்டங்களில் ஒலிப்பதுண்டு. அதன் அன்பை ஐயுறுதல் வேண்டியதில்லை. எனினும் பங்கு செலுத்தாத ஒருவர், "இந்த விடுதி வேண்டாம்", "இன்று களைப்பாக இருக்கிறது", "அந்த நீர்வீழ்ச்சிக்குப் போகாமல் விடலாம்" என்று சொல்லும் வாயை இழந்துவிடுகின்றார். பிறர் பணத்தில் ஏறியவர் எதற்கும் தலையாட்ட வேண்டியவராகின்றார். நண்பர்கள் அவருக்கு இருக்கையை வாங்கிக்கொடுத்து, அவ்விலைக்கு அவரது சொல்லை வாங்கிவிடுகின்றனர். எவரும் இதனை எண்ணிச் செய்வதில்லை என்பது குற்றத்தைக் குறைக்கலாம், இழப்பைக் குறைப்பதில்லை.

ஆடை நழுவும்போது கை விரைந்து சென்று பற்றுவதை நட்புக்கு உவமையாக்கிய குறளை மாணவர் யாவரும் மனனஞ் செய்திருப்பர். அவ்வுவமையில் விரைவு மாத்திரமே பொதுவாக எடுத்துக்காட்டப்படுகின்றது. மற்றொன்றும் அதில் உண்டு: கை பற்றியபின் எவரும் எதனையும் கண்டிருக்கமாட்டார். மானம் வெளிப்படாதபடி உதவுதலே அங்கு உதவி. அவ்வாறு செய்ய வழிகள் இல்லாமலில்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற உச்சத் தொகையைப் பெயரின்றிச் சிறு தாளில் எழுதி மடித்துப் போடலாம். அவற்றுள் மிகக் குறைந்த தொகையைக் கொண்டே பயணத்தை வகுக்கலாம். அன்றேல், கோயில் உண்டியல்போல மூடிய பெட்டியொன்றில் அவரவர் இயன்றதை இட்டு, சேர்ந்த தொகைக்கு ஏற்ற பயணத்தைத் தெரிந்துகொள்ளலாம். உண்டியலிலே ஐயாயிரம் இட்டவர் யார், ஐம்பது இட்டவர் யார் என்பது இறைவனுக்கு மாத்திரமே தெரியும் என்ற ஏற்பாடு நம்மவர்க்குப் புதியதன்று.

இவ்வழியால் வசதியுடையோரின் விருப்பம் என்றும் வெட்டிக் குறைக்கப்படுகிறதே, அது நீதியா என்று கேட்போர்க்கும் விடை கூறவேண்டும். உழைத்துச் சேமித்த ஒருவர் நல்ல விடுதியில் தங்க விரும்புதல் பிழையன்று. அவ்விருப்பத்தை வேறொரு நாளில், வேறு துணையோடு நிறைவேற்ற அவருக்கு வழியுண்டு. வசதியற்றவர்க்கோ இந்தப் பயணத்தை விட்டால் வேறு பயணம் இல்லை. இழப்புகள் இரண்டும் ஒரே அளவினவல்ல. மேலும், இது அந்த இடத்தை நோக்கிய பயணமா, அந்த மனிதரோடு கூடிய பயணமா என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். சிலர் சேர்ந்து குடிப்பர், சிலர் சூதாடுவர், சிலர் வேட்டையாடுவர், சிலர் தத்துவம் பேசுவர்; ஒவ்வொருவரும் வாழ்வில் தாம் மிக விரும்புவதையே நண்பரோடு சேர்ந்து செய்ய விழைவர் என்று அரிஸ்ரோட்டில் நிக்கமாக்கிய அறவியலின் ஒன்பதாம் பகுதி இறுதியிலே குறிப்பிடுகின்றார். அங்கு செயல் பலவாக மாறுகிறது, உடனிருத்தல் மாறவில்லை. விடுதியின் தரத்துக்காக உடன்வருபவரை மாற்றத் துணிபவர் நண்பரோடு செல்பவரல்லர். சுற்றுலாக் கூட்டமொன்றை அமைப்பவர். அதுவும் இழிவான தொழிலன்று. பெயரை மாத்திரம் சரியாகச் சொல்லிவிட்டால் போதும்.

இதுவரை கூறியது பதினொருவருக்குள் நிகழ்வது. அவர்கள் செல்லும் வழியில் வாழ்வோரும் உளர். புசல்லாவைக்கு முதன்முதற் கூட்டங் கூட்டமாக வந்தோர் உல்லாசத்துக்காக வந்தவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் கீழ் நடந்து வந்தவர்கள் அவர்கள். அப்பயணத்திலும் மௌனம் சம்மதமாகவே கணக்கிடப்பட்டது. இவ்வூரின் றொத்சைல்ட் தோட்டத்திலே 1841 இல் வேர்ம்ஸ் சகோதரர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நட்டனர் என்ற வரலாற்றுக் குறிப்பைச் சுற்றுலாக் கைந்நூல்கள் விரும்பிச் சொல்லும். புசல்லாவைக்கு அப்பால் றம்பொடையை நோக்கி ஏறுகையில் கீழே மின்னும் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காண வண்டிகள் நிறுத்தப்படும். 1985 இல் திறக்கப்பட்ட அந்நீர்த்தேக்கத்தின் அடியிலே கிராமங்களும் கடதொர விகாரையும் அமிழ்ந்துள்ளன. நீர் வற்றுங் காலத்தில் விகாரையின் சிதைவுகள் வெளித்தோன்றும். அழகிய காட்சி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் எவரோ ஒருவரின் வீடு.

பதினொருவர் வண்டியை நிறுத்திக் கொழுந்து பறிக்கும் பெண்களோடு நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்குக்குட்பட்டு உழைப்போர்க்கு அந்தப் பத்து நிமிடம் எத்தகையது என்பதை ஒருவர் மாத்திரம் அறிவார். அப்பெண்களுள் ஒருவர் அவருடைய தாயின் அயல்வீட்டுக்காரியாக இருக்கலாம். அவர் அப்பொழுது வண்டியை விட்டிறங்காமல் இருந்துவிடுவாராயின், "அவருக்குத் தலைவலி" என்று சொல்லப்படும், சச்சரவு நேராது.

அவரது வீட்டுக்கு எல்லோரும் போகலாமே என்ற யோசனையும் எழக்கூடும். அது அன்பாகவும் அமையலாம், லயத்தைப் பார்க்கப் போகும் வேடிக்கையாகவும் அமையலாம். எது என்பதைப் போவோர் தீர்மானித்துவிட முடியாது, அழைப்போரே தீர்மானிக்கவேண்டும். பதினொரு பேருக்குத் தேநீர் ஊற்ற அவ்வீட்டில் எத்தனை கோப்பைகள் உண்டு என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. எனவே, அவ்வழியாற் போவதா, ஊரில் நிற்பதா என்பதை ஏனையோர் முன்னிலையில் அன்றி, வண்டி பேசுமுன்னரே, தனியாக அவரிடம் கேட்டல் வேண்டும். கேட்பவர் எந்த விடையையும் எதிர்பாராது கேட்டல் வேண்டும்.

பஸ்ஸிற் செல்வதாயின் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அவர் புசல்லாவைக் கடைத்தெருவில் இறங்கி, தாயோடு ஓரிரவு தங்கி, மறுநாட் காலை அடுத்த பஸ்ஸில் ஏறி நுவரெலியாவிலே ஏனையோருடன் சேர்ந்துகொள்ளலாம். பதின்மரும் ஓரிரவு அவரின்றி இருப்பர். வான் வண்டியிலும் இது இயலாததன்று. ஆனால் அதற்கு அவர் எல்லோர் முன்னிலையிலும் வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டியிருக்கும்.