முதியவரின் பங்கு

முதுமையில் அரசின் உதவித்தொகையைப் பெறுவது இரத்தலா, உரிமையா? இக்கேள்வி ஏட்டில் பிறந்ததன்று. நாமக்கல்லில் நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டி, கண்பார்வை மங்கி வீட்டில் அமர்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் நம்மிடம் எழுப்பியது. விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று நாம் சொன்னபோது, "யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை, தம்பி. மூன்று ஆண்மக்களைப் பெற்ற நான், ஆதரவற்றவன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்றார். அன்று நம்மிடம் விடை இல்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இவரைப் போன்றோர் பலர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைத்தவர், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டித் திரிந்தவர். இவர்களுள் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் என்று ஒன்றில்லை. உடல் ஓய்ந்த நாளே வருவாயும் ஓய்ந்த நாள்.

இத்தகையோரை எண்ணியே காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கப்பட்டது. அன்று மாதம் 20 ரூபாய்; அஞ்சல்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து தருவார். 1995 ஆகஸ்டு 15 முதல் மத்திய அரசும் தன் பங்கைச் சேர்த்தது. 2011இல் 1000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1200 ரூபாயாகவும் தமிழக அரசு இத்தொகையை உயர்த்தியது.

இது பிச்சையா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இமாம் அபூயூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் அதைப் பதிந்துள்ளார். வாசலில் இரந்து நின்ற யூத முதியவர் ஒருவரை கலீஃபா கண்டார். வரியும் வறுமையும் முதுமையுமே தம்மை இந்நிலைக்குத் தள்ளின என்றார் அம்முதியவர். கலீஃபா அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, அவருக்கும் அவர் போன்றோருக்கும் வழி செய்யப் பணித்தார், வரியையும் நீக்கினார். இளமையில் ஒருவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியன்று என்பதே அதன் கருத்து.

நம் பெரியவரும் வரி கொடுத்தவர்தாம். அவர் வாங்கிய தீப்பெட்டியில் வரி இருந்தது, துணியில் இருந்தது. கருவூலத்தில் அவர் வியர்வையும் கலந்திருக்கிறது. பிரிட்டனில் ஏழை நிவாரணம் பெற்றவர் வாக்குரிமையை இழந்த காலம் ஒன்று இருந்தது. 1909 ஜனவரி முதல் அங்கே 70 வயதானோருக்கு வழங்கப்பட்ட ஓய்வூதியத்துக்கு அந்தத் தண்டனை இல்லை. பெறுபவர் இரவலர் அல்லர், குடிமகன் என்பதை அந்நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

ஆயின் பெரியவரின் இரண்டாம் கேள்வி கடினமானது. மகன் இருக்கத் தந்தை ஆதரவற்றவர் ஆவாரா? ஆவார். மகனே அன்றாடக் கூலியாக, தன் பிள்ளைகளுக்கே அரைவயிறு ஊட்டுபவனாக இருந்தால், அவனிடம் பாசம் இருக்கும், பணம் இராது. அத்தந்தை உண்மையைச் சொல்லி உதவி கேட்பதில் மகனுக்கு இழிவில்லை. அரசு அளப்பது தேவையை, அன்பையன்று.

வசதியுள்ள மகன் தந்தையைக் கொண்டு விண்ணப்பம் போடவைப்பதோ இரட்டைக் குற்றம். தந்தையைப் பொய் சொல்ல வைக்கிறான். வேறொரு முதியவருக்குச் சேரவேண்டிய அமானிதத்தையும் எடுத்துக்கொள்கிறான். பெற்றோரைப் பராமரிக்காத மக்களிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது; கோட்டாட்சியர் தலைமையில் அதற்கெனத் தீர்ப்பாயமும் உண்டு. எனினும், பெற்றோரிடம் சலிப்பைக்கூடக் காட்டலாகாது என்று திருமறை பணித்த சமுதாயத்தில், ஒரு தந்தை அந்தப் படியேற நேர்வது நம் அனைவருக்கும் தலைகுனிவு. மேலும், சட்டம் பணத்தை வாங்கித் தரும். இரவில் இருமும்போது வெந்நீர் எடுத்துத் தராது.

இவற்றை நாம் சொல்லக் கேட்ட பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "முதலில் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்கிறேன், தம்பி. அவர்கள் கைவிரித்தால் கையெழுத்துப் போடுகிறேன், அது பொய்யாகாது" என்றார்.

நாம் தேடிய விடையை அவரே தந்துவிட்டார். நம் மஹல்லாக்களில் ஜும்ஆ முடிந்ததும், படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் திண்ணையில் அமர்ந்து முதியோரின் விண்ணப்பங்களை எழுதித் தரட்டும். ஆனால் எழுதுமுன், "உங்கள் பிள்ளைகளைக் கேட்டீர்களா?" என்று கனிவோடு வினவட்டும். பிள்ளைகள் காதிலும் அக்கேள்வி விழட்டும்.